பூச்சி கடித்த ரோஜா

எனக்கு ஓய்வு பெறும் வயதாகவில்லை. ஆனாலும் இந்த மாதக் கடைசியோடு ஓசூர் மீன் வளர்ப்புக் கூடத்திலிருந்து விடைபெறுகிறேன். கடற்கரை ஊர் ஒன்றில் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்களும், "அக்கா, போறதுக்குள்ள எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். எழுத அதிகம் இல்லை. செய்முறை முழுவதும் சுவரில் ஒட்டியிருக்கிறது. உப்பின் அளவு, வெளிச்சம், சல்லடை கழுவும் முறை எல்லாம் அவர்களுக்குப் புரிகிறது. கடைசி வரி மட்டும் புரியவில்லை: "இந்த அறைக்குள் கடைப் பூ வரக் கூடாது."

"சாமி விஷயமாக்கா?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கட்டுரை.

கடல் இல்லாத ஊரில் கடல் மீன் வளர்ப்பதா என்று கேட்காத உறவினர் எனக்கு இல்லை. பதில் எளிது. கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், வெயில் அதிகம் ஏறாத ஊர் ஓசூர். சுத்திகரித்த தண்ணீரில் மூட்டை உப்பைக் கரைத்தால் கடல் தயார். பியரிங் கம்பெனிக்கும் பெட்டி அச்சடிக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஒரு தகரக் கூரைக் கூடம். உள்ளே முன் அறையில் மீன்கள். பின் அறையில் மீன்களின் உணவு. மீன்வளக் கல்லூரி முடித்து நேராக அந்தப் பின் அறைக்குத்தான் வந்தேன். கல்லூரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: அங்கே படத்தில் பார்த்ததை இங்கே உயிரோடு பார்த்தேன்.

அது கோப்பிபாட். இறாலின் தூரத்துச் சொந்தம். வெறும் கண்ணுக்கு நகரும் வெள்ளைப் புள்ளி. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒற்றைக் கண்ணும், நீண்ட உணர்கொம்புகளும், வயிற்றோரம் இரண்டு முட்டைப் பைகளும் உள்ள முழு உயிர். பின் அறையைக் கூட்டித் துடைத்து, டிரம்களைக் கழுவும் நாகம்மாக்கா அதற்கு வைத்த பெயர் "பொடிசு". கூடத்தில் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

பொடிசு எதற்கு? மாண்டரின் என்றொரு மீன் இருக்கிறது. விரல் நீளம், நீலத்திலும் ஆரஞ்சிலும் கோலம் போட்ட உடம்பு. அதன் முன் தூள் தீனி போட்டால் பார்க்காது; உறைந்த தீனி போட்டால் முகம் திருப்பும். அசைகிற உணவைத்தான் கொத்தும். அழகுக்காக வாங்கிய பலர் வீட்டில் அது பட்டினியிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது. பெரிய மாண்டரினுக்குப் பெரிய பொடிசு வேண்டும். மாண்டரின் குஞ்சுக்கோ, அன்று பிறந்த பொடிசு வேண்டும்.

காலை வேலை இப்படி. கையைச் சோப்புப் போடாமல் வெறும் நீரில் கழுவ வேண்டும். டிரம் அருகே சத்தமில்லாமல் போய் ஒரு பக்கத்தில் டார்ச் வெளிச்சம் காட்ட வேண்டும். பொடிசுகள் புகை போல வெளிச்சத்தை நோக்கித் திரண்டு வரும். வந்தால் நலம். பிறகு முகர்ந்து பார்க்க வேண்டும்: ஈரக் கல் வாசனை இருந்தால் சரி, அழுகிய முட்டை வாசனை என்றால் அடியில் கழிவு சேர்ந்திருக்கிறது. பின்பு தண்ணீரை இரண்டு சல்லடைகளில் வடிக்க வேண்டும். பெரிய கண் சல்லடையில் தாய்கள் தங்கும். அவை டிரம்முக்குத் திரும்பும். சிறிய கண் சல்லடையில் குட்டிகள் தங்கும். அவை குஞ்சுத் தொட்டிக்குப் போகும். கடைசியாகப் பச்சைத் தண்ணீர், அதாவது பொடிசு தின்னும் பாசி. தேநீரில் பால் ஊற்றும்போது நிறம் பார்த்து நிறுத்துகிறோமே, அதே பக்குவம்.

இந்த முறைமை பாதி என்னுடையது. மீதி முனிராஜு சாருடையது. அவர்தான் கூடத்துப் பொறுப்பாளர். அதற்குமுன் வாகன உதிரிபாகக் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். மீனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதை மறைக்கவும் மாட்டார். வந்த முதல் வாரத்தில் தரையில் மஞ்சள் கோடு போட்டார். டிரம்முக்கு ஒரு நிறம், அதே நிறத்தில் அதற்கான சல்லடை. பிறகு என்னிடம் வந்து, "இந்தப் பொடிசுக்கு டாலரன்ஸ் என்னம்மா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "உப்பு எது வரைக்கும் ஏறலாம், எது வரைக்கும் இறங்கலாம்? அதைச் சொல்லு போதும்." யோசித்துப் பார்த்தால், யாரும் என்னிடம் அவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை.

எந்தப் பொருளையும் ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது அவர் பழக்கம். கீறல் இருந்தால் "ரிஜெக்ட்". சல்லடை, குழாய், காபி தம்ளர் எதுவும் தப்பாது. இறந்த மீனையும் ஒருமுறை ரிஜெக்ட் என்றார். "சார், உயிரை அப்படிச் சொல்லாதீங்க" என்றேன். மறுநாள் காலை வந்ததும், "யோசிச்சேன். நீ சொன்னது சரிதான். வேற வார்த்தை குடு" என்றார். அன்றிலிருந்து "போயிருச்சு" என்று சொல்லத் தொடங்கினோம். தவறு நடந்தால் திட்ட மாட்டார். ஒரே கேள்வி கேட்பார்: "கடைசியா சரியா இருந்தப்புறம், மாறினது என்ன?"

அந்தக் கேள்வி எங்களைக் காப்பாற்றிய கதைக்கு வருகிறேன்.

அந்த ஆண்டு பின் அறைக்கு ஆபத்து வந்திருந்தது. முதலாளி பெங்களூரில் இருப்பவர். "உறைஞ்ச தீனி பாக்கெட்ல வருது, பொடிசுக்கு எதுக்கு ஒரு அறை?" என்று கேட்டுவிட்டார். அந்த அறையைக் குளிர்பெட்டி வைக்கும் கிடங்காக மாற்றுவது அவர் திட்டம். அப்படி மாறினால் எனக்கு முன் அறையில் வேலை இருக்கும், நாகம்மாக்காவுக்கு இருக்காது. முனிராஜு சார் ஒரு வாய்ப்புக் கேட்டு வாங்கினார். எங்களிடம் ஒரு மாண்டரின் ஜோடி இருந்தது. அதன் குஞ்சுகளை ஒரு ஈடாவது வளர்த்துக் காட்டினால் அறை நிலைக்கும். மாண்டரின் குஞ்சைப் பாக்கெட் தீனியில் வளர்க்க முடியாது என்பதை முதலாளி கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆயுத பூஜைக்கு முந்தைய மாலை, விளக்கு மங்கும் நேரத்தில், அந்த ஜோடி கன்னத்தோடு கன்னம் ஒட்டி மேலே எழும்பி முட்டையிட்டது. முட்டைகளை மொண்டு சிறு தொட்டியில் விட்டேன். அவற்றைத் தனியாக ஒரு பூட்டிய சிற்றறையில் வைத்தோம். மறுநாள் பொரிந்தன. உடம்போடு ஒட்டிய மஞ்சள் கரு தீரும்வரை குஞ்சுக்கு வாய் திறக்காது. திறந்ததும் உணவு முன்னால் நீந்த வேண்டும், இல்லையென்றால் அவ்வளவுதான். டிரம்களில் பொடிசு புகையாகத் திரண்டிருந்தது. நான் நிம்மதியாக இருந்தேன்.

ஆயுத பூஜை ஓசூரில் எப்படி நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. லேத் முதல் லாரி வரை சந்தனம் வைக்காத இரும்பு இருக்காது. நாகம்மாக்கா பெரிய பை நிறைய ரோஜாவோடு வந்தார். அவர் மகள் கெலவரப்பள்ளிப் பக்கம் ஒரு பசுமைக்குடிலில் பூ அறுக்கிறாள். வெளிநாட்டுக்குப் போகாமல் கழித்த பூக்கள். முனிராஜு சார் ஒன்றை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேராகச் சுற்றினார்.

"ஒரு புள்ளி இல்ல, ஒரு ஓட்டை இல்ல. ஏ ஒன் பீஸ்! இதை எதுக்கும்மா கழிச்சாங்கோ?"

"காம்பு குட்டையாம் சார்."

"காம்புக்கா? எங்க பழைய கம்பெனியே தேவலாம்போல."

காற்று இயந்திரத்துக்கும் நுண்ணோக்கிக்கும் பொட்டு வைத்தோம். ஒவ்வொரு டிரம்மின் விளிம்பிலும் ரோஜாச் சரம் சுற்றினோம். சூடம் காட்டியதும் உதிரி இதழ்களைக் கை நிறைய அள்ளி எல்லாவற்றின் மேலும் தூவினேன். முன் அறைத் தொட்டிகளுக்கும் கொஞ்சம். வாசலில் பூசணி உடைந்தது. பூஜையில் வைத்ததை விஜயதசமிக் காலைவரை தொடக் கூடாது என்பது வழக்கம். ஆகவே நீரில் மிதந்த இதழ்களையும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். பச்சை நீரில் சிவப்பு இதழ்கள். அழகாக இருந்தது.

விஜயதசமிக் காலையில் டார்ச்சைக் காட்டினேன். ஒன்றும் வரவில்லை.

அடுத்த டிரம்மிலும் வரவில்லை. மாற்றாக வைத்திருந்த ஜாடிகளிலும் வரவில்லை. அடியில் மெல்லிய வெண்தூசு படிந்திருந்தது. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். உடம்பு சிதையவில்லை, முட்டைப் பைகள் கூட ஒட்டியபடியே இருந்தன. ஒன்றிரண்டில் உணர்கொம்பு மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. சிற்றறையில் குஞ்சுகளின் மஞ்சள் கரு ஏறக்குறைய தீர்ந்திருந்தது.

முனிராஜு சார் வந்து, பார்த்து, பலகையில் எழுதச் சாக்பீஸை எடுத்தார். "அழுவறது சாயங்காலம் பார்த்துக்கலாம். மாறினது என்ன?"

உப்பு அதே மூட்டை. தண்ணீர் அதே தொட்டி. பாசி அதே பாட்டில். அது பச்சையாகவே இருக்கிறது. காற்று ஓடுகிறது. வெப்பம் ஏறவில்லை. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தோம். "எது எது உயிரோட இருக்கு, அதையும் சொல்லு" என்றார். முன் அறைக்கு ஓடினேன். மீன்கள் நலம். நத்தைகள் நலம். காட்சித் தொட்டியில் இருந்த சிவப்பு வரி இறால் மட்டும் மல்லாந்து கிடந்தது; கால்கள் துடித்தன. அதன் தலைக்கு மேல் இரண்டு இதழ்கள் மிதந்தன.

மீனுக்கு ஒன்றுமில்லை, நத்தைக்கு ஒன்றுமில்லை. மூட்டுக் கால் உள்ளவை மட்டும் போயிருக்கின்றன. பொடிசும் இறாலும் ஒரு சாதி. அந்தச் சாதிக்கு இன்னொரு சொந்தம் உண்டு: பூச்சி.

திரும்பி வந்து டிரம்மின் சரத்திலிருந்து ஒரு ரோஜாவைப் பிரித்துப் பார்த்தேன். இதழ் இதழாக. ஒரு எறும்பு இல்லை, ஒரு செடிப் பேன் இல்லை, ஒரு கடி இல்லை.

"சார்," என்றேன். "பூ. அதுல அடிச்ச பூச்சி மருந்து."

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "நம்பறேன். ஆனா ப்ரூஃப் வேணும். இல்லேன்னா புதுப் பொடிசையும் கொன்னுருவோம்."

கூடத்துக்குப் பின்னால் ஒரு பழைய டயரில் மழைத் தண்ணீர் தேங்கி, கொசுப் புழு நெளிந்துகொண்டிருந்தது. இரண்டு தம்ளரில் மொண்டு வந்தேன். ஒன்றில் மட்டும் ஓர் இதழைக் கசக்கிப் போட்டேன். "அதே தண்ணி, அதே இடம், பூ மட்டும்தான் வித்தியாசம். சரி" என்று அவர் தலையாட்டினார். தேநீர் வாங்கி வந்து குடித்தோம். தேநீர் ஆறுவதற்குள் பூப் போட்ட தம்ளரில் புழுக்கள் சுருண்டு அடியில் இறங்கத் தொடங்கின. மற்றதில் எப்போதும்போல ஏறி இறங்கி விளையாடின.

நாகம்மாக்கா இரண்டு தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் கோணியது. "நான்தானேம்மா கொண்டாந்தேன். எங்க அறைக்கு நானே கொள்ளி வச்சுட்டேனே."

"நீ கொண்டாந்தே," என்றார் முனிராஜு சார். "ஏ ஒன்னுன்னு நான் பாஸ் பண்ணேன். இவ அள்ளி அள்ளித் தூவுனா. மூணு பேர் கையெழுத்தும் இருக்குது. அழுவறதுன்னா வரிசையில வா."

நாகம்மாக்கா அழுகையோடு சிரித்துவிட்டார். நானும்.

இனி விதைப் பொடிசு வேண்டும். அன்றே வேண்டும். எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பூ. ஆனால் நாங்கள் விற்றது? பொடிசு வாங்கிப் போனவர்களுக்கு வரிசையாகப் போன் போட்டேன். ஒருவர் தொட்டியையே எடுத்துவிட்டார். ஒருவர் வீட்டில் கொசு மருந்து இயந்திரம் எப்போதும் ஓடும். ஒருவர் எடுக்கவே இல்லை. கடைசியில், காவேரிப்பட்டினத்து மாங்காய் மண்டிக்காரர் ரங்கநாதன் அண்ணன் நினைவுக்கு வந்தார். வீட்டுக் கூடத்தில் கடல் மீன் தொட்டி வைத்தவர். மாதம் ஒருமுறை எனக்குப் போன் செய்து, "ஏம்மா, கண்ணாடி பூரா பூச்சி ஊருது, இதை எப்பிடி ஒழிக்கிறது?" என்று கேட்பவர். ஒழிக்க வேண்டாம், பின்கட்டில் ஒரு டிரம்மில் விட்டு வையுங்கள் என்று நானும் மாதம் ஒருமுறை சொல்லி வந்தேன்.

"அண்ணா, அந்தப் பூச்சி இன்னும் இருக்குதா?"

"இருக்குதாவா? ஊரையே கூட்டி வச்சிருக்குது. ஏம்மா, திருப்பி எடுத்துக்கிறியா?" என்று கிண்டலாகக் கேட்டார்.

"ஆமாண்ணா. இப்பவே வர்றோம்."

"நெசமாவா சொல்ற?"

முனிராஜு சாரின் காரில்தான் போக வேண்டும். காரின் முகப்பில் அதே ரோஜாச் சரம். உள்ளே கண்ணாடிக்குக் கீழேயும் ஒன்று. பூஜை செய்த பூவை அவர் கையால் கழற்றுவாரா என்று நான் தயங்கி நின்றேன். அவர் ஒரு கணம் கும்பிட்டார். பிறகு இரண்டையும் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, இருக்கையை ஈரத் துணியால் துடைத்து, கையைக் கழுவினார். "ஆயித்து, முடிஞ்சுது. ஏறு."

நெடுஞ்சாலையில் எதிரே வந்த லாரிகளெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு மாப்பிள்ளை போல வந்தன. குருபரப்பள்ளியில் சாலை முழுக்க உடைந்த பூசணி, வண்டிகள் ஊர்ந்தன. மடியில் காலி வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு முறை மட்டும், "குஞ்சு எவ்ளோ நேரம் தாங்கும்?" என்றார். "சாயங்காலத்துக்குள்ள போட்டாப் பரவாயில்ல சார்" என்றேன். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

ரங்கநாதன் அண்ணன் வீட்டுக் கதவைத் திறந்தவர் அவர் மனைவி சரசக்கா. "வாங்க வாங்க. அந்த மீன் தொட்டியையும் சேத்து எடுத்துட்டுப் போயிருங்க, புண்ணியமாப் போவும்" என்றார். பின்கட்டில் நீல டிரம். மூடி பாதி திறந்திருந்தது. யாரும் கவனிக்காமல் விட்டதில் தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. டார்ச்சை ஒரு பக்கமாகக் காட்டினேன்.

முதலில் ஒன்று. பிறகு பத்து. பிறகு வெளிச்சம் தெரியாத அளவுக்குப் புகை.

முனிராஜு சார், "அய்யோ ராமா" என்று மெல்லச் சொல்லி டிரம்மின் விளிம்பைத் தட்டிக் கொடுத்தார், மாட்டைத் தட்டுவதுபோல.

"அக்கா, இந்த வீட்ல கொசுவுக்கு என்ன போடுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் கெடையாது. வத்தி, மருந்து, எதும் ஆவாது. எனக்கு இழுப்பு. வலை கட்டித்தான் படுக்கறோம். ஏன்?"

"மருந்து படாததாலதான் இது இங்க மட்டும் பொழைச்சிருக்குது."

சரசக்கா இடுப்பில் கை வைத்து, கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டியா? இத்தினி வருசமா, 'உன் இழுப்பால வீட்ல ஒரு ஊதுபத்தி ஏத்த முடியல'ன்னு சொல்லிக்காட்டுனியே. என் இழுப்புல ஒரு ஊரே பொழைச்சிருக்குது."

"சரி சரி. அடுத்த சீசனுக்கு மண்டி போர்டுல உன் பேரையே போட்டுடறேன்" என்றார் அண்ணன்.

வாளி நிறைய மொண்டு, பேட்டரிக் காற்றுக் குழாயைப் போட்டு, மடியில் அணைத்தபடி திரும்பினேன். கூடத்தில் நாகம்மாக்கா ஒரு சல்லடையையும் விடாமல் சுடுநீரில் கழுவி வெயிலில் காய வைத்திருந்தார். பூ இருந்த அறையைத் தவிர்த்து, வாசல் பக்கம் மேசை போட்டிருந்தார். வடித்தோம். தாய்கள் மேலே, குட்டிகள் கீழே. குட்டிகளைப் புது உப்புநீரில் அலசிச் சிற்றறைத் தொட்டியில் விட்டேன்.

மாண்டரின் குஞ்சு என்பது கண்ணிமை மயிர் அளவு கண்ணாடித் துண்டு. அதில் இரண்டு கரும்புள்ளிகள் கண்கள். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று பொடிசைப் பார்த்தது. உடம்பைப் பாம்புபோல வளைத்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு சொடுக்கியதுபோல நிமிர்ந்தது. முன்னால் இருந்த புள்ளி இல்லை. கண்ணாடி வயிற்றுக்குள் ஒரு சிறு கருமை.

"உள்ள போயிருச்சா?" என்றார் முனிராஜு சார்.

"போயிருச்சு சார்." அந்த வார்த்தையை நாங்கள் வேறு எதற்கோ வைத்திருந்தோம். அன்று அது நல்ல செய்தியானது.

எல்லாம் பிழைக்கவில்லை. பெரும்பாலானவை அடுத்த நாட்களில் போயின. மாண்டரின் வளர்ப்பில் அது இயல்பு. ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் சில மட்டும் வளர்ந்து, நிறம் ஏறி, கோலம் காட்டின. முதலாளி வந்து தொட்டி முன் வெகுநேரம் குனிந்து நின்றார். போகும்போது, "குளிர்பெட்டியை முன் அறையில ஒரு மூலையில வச்சுக்கலாம்" என்றார். நாகம்மாக்கா அன்றைக்கு எல்லோருக்கும் கேசரி செய்து எடுத்து வந்தார். இரண்டு மாண்டரின்கள் காவேரிப்பட்டினம் போயின. இப்போது மாதம் ஒருமுறை எனக்குப் போன் செய்வது சரசக்கா: "ஏம்மா, இன்னிக்கு அதுங்க சரியாத் திங்கல, என்னான்னு கேளு."

அதன்பின் சுவரில் மூன்று வரிகள் சேர்ந்தன. ஒன்று, டிரம்முக்கு எப்போதும் மூடி. இரண்டு, விதைப் பொடிசு எப்போதும் வெளியே மூன்று வீடுகளில். அந்த வீடுகளில் மருந்து அடிப்பதில்லை என்று கேட்டு உறுதி செய்திருக்க வேண்டும். மூன்றாவது, அந்தப் பெண்கள் கேட்ட வரி.

அதன்பின் ஆண்டுதோறும் ஆயுத பூஜையில் பின் அறைக்குச் சந்தனப் பொட்டு மட்டும்தான். நாகம்மாக்காவுக்கு அது ஆறவே இல்லை. "பூவில்லாம மூளியா இருக்குது சார். ஊர்ல இருக்கற லேத்துக்கெல்லாம் பூவு, நம்ம பொடிசுக்கு இல்லியா?" இந்த வருடமும் சொன்னார். பூஜை அன்று முனிராஜு சார் ஒரு பாத்திரம் நிறையப் பூவோடு வந்தார். அவர் வீட்டு வாசல் தொட்டிகளில் தண்ணீரைத் தவிர எதுவும் காணாமல் வளர்ந்த நாட்டு ரோஜாக்கள். வெளிறிய நிறம், நல்ல வாசனை.

புதுப் பெண்கள் இருவரும் அன்று பார்த்துத் திகைத்தது இதைத்தான். அவர் ஒவ்வொரு பூவாக எடுத்தார். ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கினார். மெதுவாக ஒரு சுற்று. ஓரம் முழுதாக, ஒரு கடியும் இல்லாமல் இருந்த ஒன்றைத் தனியே வைத்தார். "சந்தேகம். ரிஜெக்ட்." இதழில் ஓட்டை விழுந்து, ஓரம் அரித்து, இலை சல்லடையான ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகம் மலர்ந்து, "பாஸ்" என்று நாகம்மாக்காவிடம் நீட்டினார்.

நாகம்மாக்கா அதை மூடிய டிரம்மின் மேல் வைக்கப் போனவர், கையை நிறுத்தினார். "சார், இதுல புழு இருக்குது. உயிரோட நெளியுது."

"இருக்கட்டும்மா," என்றார் முனிராஜு சார். "அதான் நம்ம இன்ஸ்பெக்டர்."